சிறு களவு என்னும் சொல்

சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்பு என்னிடம் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், மின்கருவிகள் செய்யும் ஆலை ஒன்றில் அவர் பண்டகசாலைப் பொறுப்பில் இருக்கிறார். அவருடன் இளைஞன் ஒருவனும் வந்திருந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உள்ளே வந்து அமரும்படி நான் இருமுறை சொன்ன பிறகும் வாயிற்படி அருகிலேயே நின்றான்.

மாணவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆலை நிர்வாகம் ஆங்கிலத்தில் தந்த விளக்கம் கோரும் கடிதம் அது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், வெளிவாயில் சோதனையின்போது, சாப்பாட்டுத் தூக்கினுள் 180 கிராம் செம்புக் கம்பித் துண்டுகள் காணப்பட்டன; இது ‘பெட்டி பில்ஃபரேஜ்’ என்னும் குற்றம்; திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தருக என்று அதில் கண்டிருந்தது.

“விளக்கத்தைத் தமிழில் எழுதலாம் என்கிறார்கள், ஐயா. இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?” என்று கேட்டார் மாணவர்.

“சிறு திருட்டு என்று எழுது” என்றேன் நான், சிறிதும் எண்ணிப் பாராமல்.

அதுவரை தலை நிமிராத இளைஞன் நிமிர்ந்து, “திருட்டு என்று எழுத வேண்டாம் ஐயா. கீழே கிடந்ததைத்தான் எடுத்தேன்” என்றான்.

மாணவ நண்பர்களே! மொழி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல்லைத் தவறாக எடைபோட்டுவிட்டோமோ என்ற ஐயம் அந்நொடியில் எழுந்தது. அகராதியை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். அன்று கண்டவற்றையும் பின்னர்த் தேடிக் கண்டவற்றையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

‘பில்ஃபர்’ என்பதற்குச் சிறிய அளவில், மறைவாக, பெரும்பாலும் சிறிது சிறிதாகப் பலமுறை எடுத்தல் என்பது இக்காலப் பொருள். அலுவலகத்துப் பேனாவை எடுத்துச் செல்வது, மூட்டையில் துளையிட்டுக் கைப்பிடி சர்க்கரை எடுப்பது, துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளை உருவுவது ஆகிய யாவும் இதில் அடங்கும். ஆனால் அச்சொல் பிறந்தபோது அதற்கு இந்தச் சிறுமை இல்லை. பழைய பிரெஞ்சு மொழியில் ‘பெல்ஃப்ர’ என்றொரு சொல் இருந்தது. போரிலும் சூறையிலும் கிடைத்த கொள்ளைப் பொருள் என்பது அதன் பொருள். நார்மானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்று ஆண்டபோது அவர்களுடைய மொழியும் அங்கே குடியேறிற்று. அந்த மொழியின் வழியாகவே இச்சொல்லும் ஆங்கிலத்துள் புகுந்தது.

புகுந்த பிறகு நேர்ந்ததே வியப்புக்குரியது. இந்த ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் கிளைத்தன. ஒன்று ‘பெல்ஃப்’, மற்றொன்று ‘பில்ஃபர்’. ‘பெல்ஃப்’ என்பது முதலில் கொள்ளைப் பொருளைக் குறித்துப் பின்னர்ப் பணம், செல்வம் என்னும் பொருளுக்கு உயர்ந்துவிட்டது. கொஞ்சம் இகழ்ச்சி தொனிக்கும். ஆயினும் செல்வம் செல்வந்தானே! ‘பில்ஃபர்’ என்பதோ நாளடைவில் இறங்கி இறங்கி, ஏழை வேலையாள் மடியில் மறைக்கும் பொருள் அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஒரு வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவன் மாளிகைக்கும் மற்றவன் காவல் நிலையத்துக்கும் போன கதைதான்.

இதுபோன்ற நிகழ்ச்சி நம் மொழியிலும் உண்டு. ‘கொள்’ என்னும் வினையிலிருந்து வந்தது ‘கொள்ளை’. ஊரைச் சூறையாடுவது கொள்ளை. ஆனால் ‘கொள்ளை அழகு’ என்கிறோம். ‘கொள்ளை ஆசை’ என்கிறோம். ‘கொள்ளைப் பணம்’ என்றால் திருடிய பணம் என்றும் பொருள்படும், மிகுந்த பணம் என்றும் பொருள்படும். பெரிதாக எடுத்தால் சொல்லுக்கே ஓர் அழகு வந்துவிடுகிறது போலும்! ‘கொள்ளை’க்கு வந்த இந்தப் பேறு ‘திருட்டு’க்கு வரவில்லை. திருட்டு அழகு என்று யாரேனும் சொல்வரோ?

ஆங்கிலேயர் பெருங்களவுக்குரிய சொற்களை நம் நாட்டிலிருந்தே கொண்டு போயினர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ‘லூட்’ என்பது இந்தியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். ‘டகாயிட்டி’ என்பதும் அவ்வாறே சென்று, ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிச் செய்யும் கொள்ளைக்குச் சட்டப் பெயராகவே நிலைத்தது.

சட்டத்தில் திருட்டைக் குறிக்க ஆங்கிலேயர் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘லார்சனி’. இதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘லத்ரோ’. கூலிக்குப் போர் செய்யும் வீரன் என்பது அதன் பழம்பொருள். பின்னர் வழிப்பறிக்காரனுக்கு அது பெயராயிற்று. போர் முடிந்து கூலி நின்றுபோன வீரன் எங்கே சென்றான், என்ன செய்தான் என்பதை இந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. நம் தொல்காப்பியத்தில் வெட்சித் திணையைக் கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மன்னனின் ஏவலால் வீரர்கள் பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருவதைத் தொல்காப்பியர் ‘களவு’ என்ற சொல்லாலேயே சுட்டுகிறார். அவ்வாறு கவர்ந்து வந்தவனுக்குப் பூச்சூடினர். அவன் போரில் வீழ்ந்தால் நடுகல் நாட்டினர். காதலர் மறைவிற் கூடுவதற்கும் தமிழர் வைத்த பெயர் களவுதான். ஆகவே ‘களவு’ என்ற சொல்லில் முதலில் நின்றது மறைவு என்னும் கருத்து. அதன்மேல் ஏறிய இழிவும் புகழும், யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார் என்பதைப் பொறுத்து மாறின.

இனி, ‘பெட்டி’ என்ற அடைமொழிக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் ‘பெத்தி’ என்றால் சிறியது. திருட்டில் சிறியது எது, பெரியது எது என்று இங்கிலாந்துச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஒட்டி அந்தக் கோடு 12 பென்னி என்று நிலைபெற்றது. திருடிய பொருளின் மதிப்பு 12 பென்னிக்கு மேற்பட்டால் அது பெருந்திருட்டு. அதற்குத் தண்டனை தூக்கு. மேற்படாவிட்டால் சிறு திருட்டு. கசையடியோ சிறையோ பெற்று உயிர் தப்பலாம். ஆக, ‘பெட்டி’ என்ற ஒரு சொல் ஒருவன் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே நின்றது.

காலம் செல்லச் செல்லப் பொருள்களின் விலை ஏறிற்று. பணத்தின் மதிப்புக் குறைந்தது. பன்னிரண்டு பென்னி மட்டும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நின்றது. எட்வர்டு மன்னன் காலத்தில் பெருந்தொகையாக இருந்தது, பிற்காலத்தில் ஒரு கைக்குட்டையின் விலையாகிவிட்டது. கைக்குட்டைக்காக ஒருவனைத் தூக்கிலிடுவதா? நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த சாதாரண மக்களாகிய ஜூரிகள் ஒரு வழி கண்டனர். பொருளின் உண்மை விலை எதுவாயினும், “இதன் மதிப்புப் பத்துப் பென்னி” என்று தீர்ப்பளித்தனர். வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் மரணம் என்று 1713இல் ஒரு சட்டம் வந்தபோது, ஜூரிகள் பல வழக்குகளில் 39 ஷில்லிங் என்று மதிப்பிட்டனர். ஒரு ஷில்லிங் குறைத்ததனால் ஓர் உயிர் பிழைத்தது. சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதனைப் புனிதமான பொய்ச்சத்தியம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். 1827ஆம் ஆண்டில்தான் சிறிது, பெரிது என்ற இப்பாகுபாட்டை இங்கிலாந்து நீக்கிற்று.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தை எழுதத் தொடங்கிய மெக்காலே இந்த வரலாற்றை நன்கறிந்தவர். 1837ஆம் ஆண்டில் அவர் தலைமையில் உருவான வரைவிலும், 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் திருட்டுக்கு விலைக்கோடு எதுவும் இல்லை. அசையும் பொருளை, அதை வைத்திருப்பவரின் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுக்க, அதை இடம்பெயர்த்தால் திருட்டு, அவ்வளவுதான். அப்படியாயின் பக்கத்து மேசைக்காரரின் மைக்கூட்டில் பேனாவைத் தோய்ப்பதும் திருட்டாகுமே என்ற கேள்வி எழும். வரைவுடன் இணைந்த குறிப்புகளில் இதே மைக்கூட்டை எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள்! இத்தகைய அற்பச் செயல்களைச் சொல்லளவில் குற்றம் என்று கூற இயலும். ஆனால் மனிதர் கூடி வாழ்வதானால் இவற்றைத் தவிர்க்க இயலாது. ஆகவே, சாதாரண அறிவும் பொறுமையும் உடைய எவரும் குறைகூற முன்வராத அளவு சிறிய தீங்கு குற்றமாகாது என்று 95ஆம் பிரிவில் விதித்தனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 33ஆம் பிரிவாக இது தொடர்கிறது.

அந்தப் புதிய சட்டத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. 1860இல் கைவிடப்பட்ட விலைக்கோடு இப்பொழுது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. அதன் 303ஆம் பிரிவின்படி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குத் தண்டனை சமூகப் பணி. ஊதியமின்றிப் பொதுமக்களுக்குப் பயன்படும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். பன்னிரண்டு பென்னிக் கோட்டின் ஒருபுறம் தூக்குமரம் நின்றது. இந்த ஐயாயிரம் ரூபாய்க் கோட்டின் ஒருபுறம் சிறை நிற்கிறது. மறுபுறம் துடைப்பமோ மண்வெட்டியோ இருக்கலாம். இதை ஒரு முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஐயாயிரமும் பன்னிரண்டு பென்னியைப் போல அசையாமல் நின்றுவிடக் கூடாது.

திருட்டு, களவு, கொள்ளை என்ற சொற்கள் இருக்க, ‘பில்ஃபர்’ என்று தனியே ஒரு சொல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரைக்குச் சென்றால் போதும்.

எண்ணூரில் 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம் இருக்கிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். கண்டெய்னர் என்னும் பெரும் இரும்புப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் அச்சாலைகளில் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் எண் பொறித்த உலோக முத்திரை ஒன்று பூட்டியிருக்கும். அதை உடைத்தாலன்றிக் கதவு திறவாது; உடைத்தால் மீண்டும் பொருத்த இயலாது. அந்தச் சிறு முத்திரை காத்து நிற்பது பில்ஃபரேஜுக்கு எதிராகத்தான்.

நம் நாட்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் இணைப்பில் உள்ள விதிகளுள் ஒன்று விசித்திரமானது. காப்பீட்டுப் பத்திரத்தில் ‘திருடர்’ என்று இருந்தால், மறைவாகச் செய்யும் திருட்டு அதில் அடங்காது. கப்பல் மாலுமிகளோ பயணிகளோ செய்யும் திருட்டும் அடங்காது. வெளியிலிருந்து வந்து வன்முறையால் பறிப்பவரே அங்கே திருடர். நாமோ மறைவாக எடுப்பவனைத்தான் திருடன் என்கிறோம். ஆகவே, பெட்டியிலிருந்து ஓசையின்றி நான்கு பொருள்கள் மறைந்தால், ‘திருடர்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டிய வணிகருக்கு ஒரு காசும் கிடைக்காது. அதனால்தான் வணிக உலகம் ‘திருட்டு, பில்ஃபரேஜ், ஒப்படைக்காமை’ என்று மூன்றையும் அடுக்கித் தனியே ஒரு காப்பீட்டுப் பிரிவை அமைத்துக்கொண்டது.

சுங்கச் சட்டத்திலும் இச்சொல் சிம்மாசனமிட்டு அமர்ந்திருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இறக்குமதியான பொருள் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு, அதிகாரி விடுவிப்பு ஆணை தருவதற்கு முன் பில்ஃபர் செய்யப்பட்டால், அப்பொருளுக்கு இறக்குமதியாளர் சுங்கவரி செலுத்த வேண்டியதில்லை என்கிறது. பொருள் திரும்பக் கிடைத்தால் வரி உண்டு. 45ஆம் பிரிவு, அவ்வாறு மறைந்த பொருளுக்குரிய வரியை அதைக் காவலில் வைத்திருந்தவர் தலையில் ஏற்றுகிறது. வேறு வகையில் தொலைந்த பொருளுக்கு வேறு பிரிவு, வேறு நடைமுறை. தொலைந்தது என்பதா, பில்ஃபர் ஆனது என்பதா? இந்த ஒரு சொல்லைப் பொறுத்து வரிச்சுமை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது. இலக்கணம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் வணிகவியல் மாணவர்கள் இந்தப் பிரிவுகளை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.

இவையெல்லாம் பொருளுக்கு உரியவரின் பக்கம். “கீழே கிடந்ததைத்தான் எடுத்தேன்” என்று சொன்னவனின் பக்கமும் ஒன்று உண்டு. அதற்கும் நீண்ட வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்து அரசின் கப்பல் கட்டும் தளங்களில் தச்சர்களுக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. மரம் அறுக்கும்போது விழும் துண்டுகளை வேலை முடிந்து போகும்போது தோளில் சுமந்து செல்லலாம். ‘சிப்ஸ்’ என்று அதற்குப் பெயர். கூலியின் ஒரு பகுதியாகவே அவர்கள் அதைக் கருதினர். அடுப்பெரிக்கவும் வீட்டுக்குக் கதவு, அலமாரி செய்யவும் அத்துண்டுகள் உதவின. நல்ல மரத்தையும் வேண்டுமென்றே துண்டாக்குகிறார்கள் என்று மேலதிகாரிகள் குறைகூறினர். அது முற்றிலும் பொய்யும் அன்று. 1801ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டு, ஈடாகப் பணம் தரப்பட்டது. தேம்சு ஆற்றில் சர்க்கரை மூட்டைகளை இறக்கியவர்களும் கீழே சிந்தியதைப் பெருக்கி எடுத்துச் செல்வதை உரிமையாகக் கொண்டிருந்தனர். பாட்ரிக் கோல்குஹௌன் முதலியோர் முயன்று 1798இல் தேம்சு ஆற்றுக் காவற்படை அமைந்த பிறகு, நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று களவாயிற்று. எடுத்த கை மாறவில்லை. எடுத்த சர்க்கரை மாறவில்லை. அதன் பெயர் மாறிற்று.

நம் களத்துமேடுகளிலும் இவ்வாறு ஒரு பங்கீடு இருந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் தனி மாவட்டமாகும் வரை செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பொன்னேரிப் பகுதியும் அடங்கிய அந்நாட்டைச் ‘செங்கற்பட்டு ஜாகீர்’ என்ற பெயரால் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றபின், தாமஸ் பார்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளைக் காண்போர், நெல் அடித்த களத்தில் அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிக்கும் முன்பே எத்தனை கைகளுக்கு நெல் சென்றது என்பதை அறியலாம். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், தலையாரி, கோயில், குளம் என்று யாவர்க்கும் அளவு வகுத்திருந்தது. அதற்கு ‘மேரை’ என்றும் ‘சுதந்திரம்’ என்றும் பெயர். ஆம், சுதந்திரம்! நாம் 1947இல் பெற்றதற்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் களத்தில் ஒரு நாவிதர் பெற்ற நெல்லுக்கும். கேட்டுப் பெறும் பிச்சையாகவோ ஒளித்து எடுக்கும் களவாகவோ அது எண்ணப்படவில்லை. தமக்கே உரியது என்ற பொருளில் அப்பெயர் நின்றது.

பொற்காலம் என்று அக்காலத்தைப் போற்ற நான் வரவில்லை. அதே களத்தில் நெற்குவியலின்மேல் குறியிட்டு இரவெல்லாம் காவல் காத்தார்கள். யாரும் கைவைக்கக் கூடும் என்ற அச்சம் அன்றும் இருந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஆனால் எது பங்கு, எது களவு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் ‘அளவு’ என்ற சொல்லைக் ‘களவு’க்கு எதிரே நிறுத்தியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அளவு தெரிந்த இடத்தில்தான் களவும் தெரியும்.

இன்றைய ஆலையில் அளவு எங்கே இருக்கிறது? கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. அங்கே கழிவு என்ற பெயரில் லாரி லாரியாக வந்து எடைமேடையில் ஏறுவதுதான் மூலப்பொருள். ஊருக்குள் காயலான் கடைகளில் ஆணி, தகரம், கம்பி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆகவே ஆலைத் தரையில் கிடக்கும் துண்டு குப்பை என்று நிர்வாகம் நினைப்பதில்லை. அதற்குக் கணக்கு உண்டு. தரையைப் பெருக்கும் தொழிலாளிக்கு அது குப்பையாகத் தோன்றலாம். அவனுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்றால், அந்தக் குறையை முழுவதும் அவன் தலையில் சுமத்துவது முறையாகுமா?

தமிழில் சிறு களவைக் குறிக்கும் சொற்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கைநீளம், கைவரிசை, கையாடல். இவற்றுக்கு எதிராகக் கைச்சுத்தம். எல்லாம் கையின்மேல் ஏறிய சொற்கள். ‘கையாடல்’ என்பதற்குக் கையால் எடுத்து ஆளுதல் என்பதே முதற்பொருள். பிறர் பொருளைத் தன் பொருள்போல் ஆளுதல் என்று அது பின்னர்ச் சுருங்கிற்று. அலுவலர் ஒருவர் இலட்சக்கணக்கில் எடுத்தாலும் செய்தித்தாள் ‘கையாடல்’ என்று நாகரிகமாக எழுதும். 180 கிராம் எடுத்தவனைத் ‘திருடன்’ என்று எழுதும். ‘ஜேப்படி’ என்ற சொல்லில் பாரசீகம் வழிவந்த ‘ஜேப்’ என்னும் சட்டைப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழர் காசை மடியில் முடிந்துவைத்த காலத்தில் அதே தொழிலைச் செய்தவனுக்கு ‘முடிச்சவிழ்க்கி’ என்று பெயர். ஆடை மாறியபோது திருடனின் பெயரும் மாறிற்று!

இவ்வகைச் சொற்களுள் சென்னைத் தெருக்களில் இன்றும் வசையாக வழங்கும் ‘கேப்மாரி’ என்பதும் ஒன்று. ஆங்கிலேயர் காலக் காவல்துறை ஏடுகளில் குற்றக்குழு என்று முத்திரையிடப்பட்ட ஒரு மக்கட்குழுவின் பெயர் அது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பினாலேயே ஒருவன் திருடன் என்று கொள்ளப்பட்டுக் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ஆம் நாளிலும் அந்தச் சட்டம் நீங்கிற்று. சட்டம் நீங்கிய பின்னும் சொல் நீங்கவில்லை. விளையாட்டாகக்கூட அச்சொல்லை வாயில் எடுக்க வேண்டாம் என்று மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதைத் தமிழனுக்கு வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் கோவலன் வெட்டுண்டது பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லால். அதே சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில், வார்த்திகன் என்னும் அந்தணன் கதையும் வருகிறது. அவன் மகன் பரிசிலாகப் பெற்ற அணிகளைக் கண்டு பொறாமை கொண்ட அரசனின் ஏவலர், புதையலை எடுத்து மறைத்தான் என்று தந்தைமேல் பழி சுமத்திச் சிறையிட்டனர். பின்னர் உண்மை அறிந்த பாண்டியன் தன் பிழைக்கு வருந்தி, அவனுக்கு ஊர்களை அளித்தான். புதையல் எடுத்தவர்க்கே உரியது என்றும் அறிவித்தான். ஒருவனுக்குத் தீர்ப்பு உரிய காலத்தில் வந்தது, மற்றவனுக்கு வரவில்லை.

அன்று மாலை இவ்வளவையும் நான் அவர்களிடம் கூறவில்லை. அவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி மின்ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தை ஒட்டி எழுந்த மத்திய மாதிரி ஆணைகளை மட்டும் எடுத்துக் காட்டினேன். திருட்டு என்பது அதில் தவறான நடத்தைகளுள் ஒன்று. சிறிது, பெரிது என்ற பிரிவு அங்கே இல்லை. ஆனால் தண்டனை விதிக்கும்போது தவற்றின் கடுமையையும் தொழிலாளியின் முன்னைய நடத்தையையும் பார்க்க வேண்டும் என்று அதே ஆணைகள் கூறின. ஆகையால் என்ன நடந்ததோ அதை உள்ளபடி எழுதுவதே நல்லது என்றேன்.

பிறகு இளைஞனிடம், “தம்பி, கீழே கிடந்தது என்கிறாய். அதை நான் மறுக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, வாயிலில் கேட்டுவிட்டு வந்திருக்கலாமே. சாப்பாட்டுத் தூக்கில் ஏன் வைத்தாய்?” என்று கேட்டேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அதையும் எழுதிவிடுங்கள் ஐயா” என்றான்.

எழுதினோம். தரையில் கிடந்த செம்புக் கம்பி வெட்டுத் துண்டுகள் 180 கிராம். யாரிடமும் கேட்காமல் எடுத்தேன். சோற்றின் கீழ் மறைத்து வைத்தேன். மூன்றாண்டு வேலையில் என்மேல் வேறு புகார் இல்லை. இவ்வளவே அந்த விளக்கம். ‘பெட்டி பில்ஃபரேஜ்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லையும் அதில் நாங்கள் இடவில்லை. அவன் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதிக் கையொப்பமிட்டான்.

பத்து நாள் கழித்து மாணவரிடமிருந்து செய்தி வந்தது. நான்கு நாள் இடைநீக்கத்துக்குப் பிறகு அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வெட்டுத் துண்டுகளைப் போட வாயிலருகே பூட்டிய பெட்டி ஒன்றை வைத்து, அதன்மேல் தமிழில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். வாயிற்காவலர் ஏட்டில் மட்டும் அவன் பெயருக்கு எதிரே அந்த ஆங்கிலச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறதாம்.